முதுகுக்குப் பின்னால் மூடிய கை

சிகாகோ
1964 நவம்பர் 9

ஆல்வெஸ்டர் அண்ணனுக்கு,

லாஸ் ஏஞ்சலஸில் படப்பிடிப்பு முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். பஸ் கிளம்பின பிறகுதான் உங்கள் இருக்கை காலி என்று எனக்குத் தெரியும். பதிமூன்று வருஷம் எனக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம் அடித்த மனுஷன், என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?

நடந்ததை நடந்தபடி பேசுவோம். பாட்டு சூடு பிடித்துவிட்டது. பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடுகிறார்கள். நான் பாடிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் பட்டென்று நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் நிறுத்தினால் குழுவே நிற்கும். அத்தனை கேமராவுக்கும் முன்னால் என் குரல் மட்டும் அநாதையாகத் தொங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி உங்களைப் பார்த்து, "தாத்தா, வீட்டுக்குப் போய்ப் படு" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் தப்பித்தோம், இல்லையென்றால் அன்றைக்கே நம் மானம் கப்பலேறியிருக்கும். இயக்குநர் ஹாலரன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, படத்தில் வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டமாட்டேன் என்றார்.

ஒரு கேலிக்கு முறுக்கிக்கொண்டு போகிற வயசா உங்களுக்கு? உங்கள் இடத்தில் டெல்பர்ட் என்று ஒருத்தனை உட்கார வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் அடிக்கிறான். ஆனால் பாதி நேரம் பெண்பிள்ளைகளைப் பார்க்கிறான், என் கையைப் பார்ப்பதில்லை. கோபத்தை விட்டுவிட்டு வந்து சேருங்கள். ஓலா மே அண்ணிக்கும் ரெனெட்டா குட்டிக்கும் என் அன்பு.

ரோஸ்கோ

*

மெம்பிஸ்
1964 நவம்பர் 17

ரோஸ்கோ,

உன் கையை அவன் பார்ப்பதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். ஓலா மே வந்து என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

சட்டம் போட்டவன் நீ. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பாடுவாய். விரலை விரித்தால் இன்னொரு சுற்று. மூடினால் அடுத்த அடியில் நிறுத்தவேண்டும். சபைக்கு அந்தக் கை தெரியாது, எங்களுக்கு மட்டும்தான் தெரியும். "என் வாய் என்னத்தையாவது பாடிட்டுப் போகுது, நீங்க கையைப் பாருங்க" என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாய். கை மூடினது தெரியாமல் ஊதிக்கொண்டே இருந்தான் என்று ஒரு சாக்ஸபோன்காரனை ஜாக்சனுக்கு வெளியே நடுரோட்டில் இறக்கிவிட்டாய். மழை பெய்தது. நான்தான் என் கோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக அவனுக்குப் போட்டேன்.

அன்றைக்கு நீ கையை மூடினாய். நான் பார்த்தேன். நிறுத்தினேன். என் வேலை அவ்வளவுதான்.

நீ பாடிக்கொண்டே போனதுகூடப் போகட்டும். அந்தப் பிள்ளைகளின் அப்பன்மார் இந்த நாட்டில் நம் மாதிரிக் கறுப்பர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வயசிலும் அவர்களுக்கு நான் "டேய்"தான். அவர்கள் பெற்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்க, தம்பி மாதிரி நான் நினைத்தவனே என்னைக் காட்டிச் சிரிக்க வைத்தான். பஸ்ஸில் அண்ணே, மேடையில் தாத்தா. எனக்கு வேண்டாம்.

ஆல்வெஸ்டர்

*

டெட்ராய்ட்
1964 டிசம்பர் 2

அண்ணே,

நான் மூடவில்லை. ஏன் மூடப்போகிறேன்? பாட்டின் உச்சி அது. எந்தப் பைத்தியக்காரனாவது அங்கே நிறுத்துவானா? குழுவில் ஒவ்வொருத்தராகக் கேட்டேன். யாருமே பார்க்கவில்லை என்கிறார்கள். உங்களுக்குக் கண் கொஞ்சம் மங்கியிருக்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை, எல்லாருக்கும் வருவதுதான். ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள்.

புது வருஷத்துக்கு முன்னால் பதில் எழுதுங்கள். உங்கள் இடத்தை எத்தனை நாள்தான் நான் காத்து வைப்பது.

ரோஸ்கோ

*

மெம்பிஸ்
1965 பிப்ரவரி 21

ரோஸ்கோ,

பதில் எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். படம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

நான் இப்போது பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. நான் குனிந்து மூட்டையைப் பிடிக்கும்போது கை தட்டித் தாளம் போடுவார்கள். திடீரென்று நிறுத்துவார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து, "தாத்தா, வீட்டுக்குப் போய்ப் படு". காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. கெட்டவர்கள் இல்லை. அதில் ஒருத்தன் எனக்குத் தினமும் தன் மீன் வறுவலில் பாதி கொடுக்கிறான்.

பீல் தெருவில் வாத்தியக்குழு வைத்திருக்கிற ஹோரேஸிடம் வேலை கேட்டேன். "அண்ணே, உங்க கையில இருக்கிற வித்தை எனக்குத் தெரியும். ஆனா நீங்க உக்காந்தா சனங்க பாட்டைக் கேக்காது, நீங்க எப்ப நிறுத்துவீங்கன்னு வேடிக்கை பாக்கும்" என்றான். அவனும் கெட்டவன் இல்லை. இன்னும் இரண்டு பேரிடம் போனேன். அவர்கள் சொன்னதை எழுதவில்லை.

ரெனெட்டாவுக்குப் பன்னிரண்டு வயசாகிவிட்டது. அப்பா சினிமாவில் வருகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். தோழிகளோடு போகப்போகிறேன் என்று குதித்தாள். படத்தில் என்ன இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை, ஓலா மேயும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? போனாள். திரும்பி வந்து, வயிற்றுவலி, பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன் என்றாள். அதற்குப் பிறகு என் டிரம்மைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. முன்பெல்லாம் நான் மேஜையில் விரலால் தட்டினால் அவளும் தட்டுவாள். இப்போது நான் தட்டினால் எழுந்து உள்ளே போகிறாள்.

நானும் படத்தைப் பார்த்தேன். பியானோ பக்கத்தில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள், நினைவிருக்கிறதா? அது உன் முதுகை எடுத்திருக்கிறது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான், ஆனால் இருக்கிறது. சபை உன் முகத்தைத்தான் பார்க்கும். நீ போய் உன் கையைப் பார்.

ஆல்வெஸ்டர்

*

நியூயார்க்
1965 மார்ச் 14

அண்ணே,

பார்த்தேன்.

தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு பகல் காட்சிக்குப் போனேன். முதல் தடவை தெரியவில்லை. என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்லவில்லை. இரண்டாவது காட்சிக்கும் அங்கேயே உட்கார்ந்தேன். அப்போது கையை மட்டும் பார்த்தேன். மூடியது. நன்றாக, இறுக்கமாக, எப்போதும் மூடுகிற மாதிரி மூடியது. நீங்கள் அடுத்த அடியில் நிறுத்தினீர்கள். அதைவிடச் சுத்தமாக ஒரு மனுஷனால் நிறுத்தமுடியாது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மேடைக்குக் கீழே அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நின்றானே, அவன் படச்சுருள் தீரப்போகிறது, முடி என்று காட்டினான். நான் கையை மூடினேன். மூடின அதே நேரத்தில் அவன் தலையை ஆட்டி, இல்லை இல்லை, போ போ என்றான். வாய் பாடிக்கொண்டே போய்விட்டது. கை மூடினது மூடினதுதான். இது எனக்கு அன்றைக்கே தெரியுமா என்று கேட்பீர்கள். திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது அண்ணே. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதன் பிறகும் அந்த வார்த்தையைச் சொன்னேன். டெட்ராய்ட்டிலிருந்து கண்ணாடி போடச் சொல்லி வேறு எழுதினேன். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது மேல். படம் வந்த பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சனங்கள் அந்த வரியைக் கேட்கிறார்கள். பாட்டைக் கேட்பதில்லை, அதைத்தான் கேட்கிறார்கள். டெல்பர்ட் வேண்டுமென்றே நிறுத்துகிறான். நான் திரும்பி அதைச் சொல்கிறேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிறது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு கூட்டம் எனக்கு வந்ததில்லை. நேற்றும் சொன்னேன். படத்தைப் பார்த்து, திரையரங்கின் கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டு போய், அதே சாயங்காலம் சொன்னேன்.

ஹாலரனைக் கூப்பிட்டு அந்த இடத்தை வெட்டச் சொன்னேன். "நாடு முழுக்க ஓடிட்டு இருக்கு ரோஸ்கோ, எந்தக் கத்தியை வெச்சு வெட்டறது?" என்று சிரித்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன்.

ரோஸ்கோ

*

மெம்பிஸ்
1965 மார்ச் 30

ரோஸ்கோ,

உனக்கு வெட்கமாக இருக்கிறது என்று தெரிகிறது. இங்கே கிடங்கில் உன் வெட்கத்தை வைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

மேடையில் சொன்னாய். மேடையிலேயே திருத்து. ஜூனில் நீ எங்கள் ஊருக்கு வருவதாகச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஊர்ச் சனங்களுக்கு முன்னால் நின்று, கையை மூடினது நான்தான், ஆல்வெஸ்டர் புரூயிட் தப்புப் பண்ணவில்லை என்று சொல். மற்ற ஊரில் நீ எதைச் சொல்லிக் கூட்டம் சேர்த்தாலும் எனக்குக் கவலையில்லை. என் பெண் இந்த ஊரில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆல்வெஸ்டர்

*

பிலடெல்பியா
1965 ஏப்ரல் 6

அண்ணே,

சொல்கிறேன். என் அம்மா மேல் சத்தியம். மூன்று பேருக்கும் முன் வரிசையில் இடம் போடச் சொல்லிவிட்டேன். ரெனெட்டாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ரோஸ்கோ

*

மெம்பிஸ்
1965 ஜூன் 14

ரோஸ்கோ,

லிட்டில் ராக்கில் நீ தங்குகிற இடத்துக்கு இதை அனுப்புகிறேன். சனிக்கிழமை நீ எங்களைத் தேடினது தெரிந்தது. நானும் ஓலா மேயும் முன் வரிசையில் உட்காரவில்லை, நடுவில் உட்கார்ந்திருந்தோம். ரெனெட்டா வரமாட்டேன் என்றுவிட்டாள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள்.

நீ சொன்னாய். நான் அதை மறுக்கவில்லை. பாட்டை நிறுத்தி, மண்டி போட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்து, "சனங்களே, இன்னிக்கு நான் ஒரு பாவத்தை ஒத்துக்கப்போறேன்" என்று ஆரம்பித்தாய். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. சோகப் பாட்டுக்கு முன்னால் நீ எப்போதும் போடுகிற குரல் அது. டெல்பர்ட் பழக்க தோஷத்தில் டிரம்மை ஒரு உருட்டு உருட்டினான். நீ கையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கைதான் மூடிச்சு, அந்த நல்ல மனுசன் மேல தப்பே இல்ல" என்றாய். பிறகு எப்படிச் சிரிக்காமல் இருப்பார்கள்? கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தன், "பாரேன், போன தாத்தாவையும் விடாம வம்புக்கு இழுக்கறான்" என்றான். நீ எழுந்து, "நெசமாத்தான் சொல்றேன்" என்று கத்தினாய். இன்னும் சிரித்தார்கள். அப்புறம் அந்த வரியைச் சொல்லச் சொல்லி எல்லாரும் காலால் தரையை இடித்தார்கள். நீ சொல்லவில்லை. அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

ஓலா மே என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டி வந்தாள். நான் கூனிக் குறுகி நடந்தேன். உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் கேட்டதே தப்பு. மேடையில் நின்று உனக்கு நடிக்காமல் பேசத் தெரியாது, சனங்களுக்கும் அங்கே எதையும் நம்பத் தெரியாது.

ஊர் என்னத்தையாவது சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு ஆளுக்கு உண்மை தெரிந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்குப் பின்பக்கமாக வா, அடுக்களைக் கதவைத் தட்டு. பளபளா கோட்டு வேண்டாம். ரெனெட்டாவிடம் சொல். நான் வீட்டில் இருக்கமாட்டேன். நான் இருந்தால் நீ எனக்காகப் பேசுவாய்.

ஆல்வெஸ்டர்

*

லிட்டில் ராக்
1965 ஜூன் 21

அண்ணே,

போய்விட்டு வந்தேன். அண்ணி சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன், எதையும் மறைக்கவில்லை.

உங்கள் தெரு முனையில் காரை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய்விடலாம், போனேன் யாரும் இல்லை என்று எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அண்ணி கதவைத் திறந்தார்கள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ரெனெட்டா மேஜையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தபோது தொட்டில் வாங்கிக் கொடுத்தவன் நான், ஆனால் அவள் என்னை யாரோ மாதிரி பார்த்தாள்.

பத்தாயிரம் பேர் இருந்தாலும் திறக்கிற வாய், இரண்டு பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. எதையெதையோ சொன்னேன். கை மூடினால் நிறுத்தவேண்டும் என்பது சட்டம், நான்தான் மூடினேன், உன் அப்பா சரியாக நிறுத்தினார், தப்பு என்னுடையது. இவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவள் மொச்சையை வைத்துவிட்டு, "அன்னிக்கே ஏன் சித்தப்பா சொல்லல?" என்றாள்.

"பயந்துட்டேன்" என்றேன்.

"யாருக்கு?"

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க."

"அதுக்கு அப்பாவைப் பாத்துச் சிரிக்க வெச்சீங்களா?"

ஆமாம் என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்பக்க முற்றத்துக்கு ஓடினாள், திரும்பி வரவில்லை. வெளியே அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அண்ணி, "நீ கிளம்பு ரோஸ்கோ" என்றார்கள். என்னைப் பார்க்கவே அவளுக்கு அவ்வளவு அருவருப்பு. அது நியாயம்தான்.

அந்த வரியை விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி இங்கே சனங்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஊளையிட்டார்கள். அரங்கக்காரன் இனிமேல் கூப்பிடமாட்டானாம். டெல்பர்ட், "அப்ப நான் எதுக்கு நிறுத்தறது?" என்று கேட்கிறான். அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நீங்கள் திரும்பி வரவேண்டும் அண்ணே. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

ரோஸ்கோ

*

மெம்பிஸ்
1965 ஜூன் 28

தம்பி ரோஸ்கோ,

வந்ததற்கு நன்றி. காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகுதான் மற்றதையெல்லாம் நம்பினேன்.

திரும்பி வரமாட்டேன். மேடையில் உட்கார்ந்தால் இனி நான் உன் கையையும் பார்ப்பேன், வாயையும் பார்ப்பேன். இரண்டையும் பார்க்கிறவனால் அடிக்கமுடியாது. ஹோரேஸ் போன வாரம் வீட்டுக்கு வந்தான். அவனுடைய டிரம் ஆள் கையை உடைத்துக்கொண்டானாம், இரண்டு சனிக்கிழமைக்கு வரச் சொல்கிறான். பார்க்கலாம்.

ரெனெட்டா முற்றத்துக்கு ஓடியது உன் மேல் இருந்த அருவருப்பால் இல்லை. அந்தப் பாரத்தை நீ சுமக்கவேண்டாம், அதனால்தான் இதை எழுதுகிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை, ஓலா மேயிடம்கூட.

அவள் தோழிகளோடு படம் பார்க்கப் போன அன்றைக்கு, நானும் அதே காட்சிக்குப் போயிருந்தேன். அவளுக்குத் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தால், அவள் அழுதால், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த இடம் வந்தது. நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். அரங்கில் முதலில் சிரித்தது அவள்தான் ரோஸ்கோ. தோழிகள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் சிரித்தாலும் என் பெண்ணின் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அவள் பாதியில் எழுந்து வரவில்லை. கடைசி வரை இருந்தாள். நான்தான் எழுந்து வந்தேன்.

நீ வந்துபோன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தட்டைத் தொடவில்லை. கண் வீங்கியிருந்தது.

"அப்பா, நான் படத்துக்குப் போன அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கிடங்குலதான். வேற எங்க இருப்பேன்?"

"அன்னிக்கு அங்க எல்லாரும் சிரிச்சாங்கப்பா. நான்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவளைச் சொல்லவிட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு, ஆயுசு முழுக்க என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

"நீதான் வயித்துவலின்னு அதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வந்துட்டியே, அவங்க சிரிச்சது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆமாம்பா, யாரோ சொன்னாங்க" என்றாள். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

உண்மையைச் சொல் சொல் என்று மாசக்கணக்கில் உன்னை விரட்டினவன், என் பெண்ணிடம் வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கொளுத்திவிடு. நாளைக்கு நாம் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து குடித்தாலும், நீ எவ்வளவு போதையில் இருந்தாலும், அன்றைக்கு நான் அந்த அரங்கில் இருந்தேன் என்பது உன் வாயிலிருந்து வரக்கூடாது. அவள் சிரித்தது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியவே கூடாது.

ஆல்வெஸ்டர்